குறியும் சொல்லும்: கொட்டாஞ்சேனை அச்சகத்திலிருந்து மார்க்டவுன் வரை

அண்மையில் வெள்ளவத்தையில் வசிக்கும் என் பெறாமகளின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகின்ற அவள், எனது பழைய கட்டுரைகள் சிலவற்றை ஒழுங்குபடுத்தி இணையத்தில் ஏற்றும் பொறுப்பைத் தானாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறாள். அவளது கணினித் திரையில் என் கட்டுரையொன்று திறந்திருந்தது. தலைப்புக்கு முன்னால் # என்றொரு குறி. சில சொற்களின் இரு புறமும் உடுக்குறிகள். பத்திகளுக்கு நடுவே, கோண அடைப்புக்குள், வரைபடம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லுடன் ஒற்றை வரி.

“இதுக்குள்ள எழுத்தும் இருக்கு, இயந்திரமும் இருக்கு, பெரியப்பா” என்றாள்.

கணினி நிரல் எதுவும் கற்றறியாத எனக்கு அந்தப் பக்கம் ஏறத்தாழ முழுவதும் விளங்கியது. அவளுக்கு அது வியப்பாக இருந்தது. எனக்கு இல்லை. சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் கொட்டாஞ்சேனையில் இத்தகைய தாள்களைத்தான் நாள்தோறும் கையில் வைத்திருந்தேன்.

வட்டமிட்டது அச்சுக்கல்ல

1970களின் நடுப்பகுதியில் ஒப்புநோக்குநராக இத்தொழிலுக்குள் நுழைந்தேன். கொட்டாஞ்சேனை, அதையொட்டிய கிராண்ட்பாஸ், சற்று அப்பால் செட்டியார் தெரு ஆகிய பகுதிகளில் தமிழ் அச்சகங்கள் பல இயங்கிய காலம் அது. 1930 இல் தொடங்கப்பட்ட வீரகேசரி கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தது. நான் வேலை பழகியதோ பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு சிறிய அச்சகத்தில்.

எழுத்தாளர் தரும் கைப்பிரதி அப்படியே அச்சுக்கோப்பாளரிடம் போவதில்லை. முதலில் அதில் குறியிட வேண்டும். சொல்லின் கீழ் நெளிகோடு இழுத்தால் அது தடித்த எழுத்தில் வரும். ஓரத்தில் எழுதும் எண் எழுத்தின் அளவைக் குறிக்கும். படம் வரவேண்டிய இடத்தில் ஒரு பெட்டி வரைந்து, ‘இங்கே புளொக், இரண்டு பத்தி அகலம்’ என்று எழுதுவோம். இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்று இருந்தது. அச்சில் வரக்கூடாத அறிவுறுத்தல் எதுவாயினும் அதைச் சுற்றி வட்டமிட வேண்டும். வட்டத்துக்கு வெளியே இருப்பது வாசகருக்கு. உள்ளே இருப்பது அச்சுக்கோப்பாளருக்கு. ஒரே தாளில் இருவருக்கும் எழுதினோம்.

ஒருமுறை அந்த வட்டத்தைப் போட நான் மறந்துவிட்டேன். அந்தியேட்டி நாளன்று விநியோகிப்பதற்கான நினைவுமலர் அது. மறைந்த அம்மையாரின் படத்துக்குரிய புளொக் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. இரவோடிரவாக அச்சேறிய மலரின் மூன்றாம் பக்கத்தில், படம் இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தில், ‘இங்கே அம்மாவின் படம்’ என்ற என் கையெழுத்து வாசகம் ஈய எழுத்தில் கோக்கப்பட்டு வெளிவந்திருந்தது. மூத்த மகன் பிரதிகளைப் பெற்றுக்கொள்ள வந்தபோது ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அவர் நெடுநேரம் அப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், “பரவாயில்லைத் தம்பி, அம்மாவை வைக்க நினைச்ச இடமெண்டாலும் தெரியுது” என்றார்.

அவர் பெருந்தன்மையால் சொன்னார் என்றே அன்று நினைத்தேன். அதில் வேறொரு உண்மையும் இருந்தது என்பதை விளங்கிக்கொள்ள நெடுங்காலம் சென்றது.

கோண அடைப்பு விழுங்கிய பெயர்

அச்சகக் குறியீட்டு முறையே கணினிக்குள்ளும் குடியேறியது. 1969 இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்ள்ஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவரும் ஆவணங்களில் குறியிடுவதற்கான மொழியொன்றை உருவாக்கினர். எழுத்தின் தோற்றத்தைச் சொல்வதற்குப் பதிலாக, ‘இது தலைப்பு’, ‘இது பத்தி’ என்று அதன் பணியைச் சொன்ன மொழி அது. அதன் வழித்தோன்றல் 1986 இல் சர்வதேச நியமமாயிற்று. ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய டிம் பேர்னர்ஸ் லீ அதைப் பின்பற்றி எச்.டி.எம்.எல். என்ற இணையப் பக்க மொழியை அமைத்தார். கோண அடைப்புக்குள் இருப்பது உலாவிக்கு; வெளியே இருப்பது வாசகருக்கு. எங்கள் சிவப்பு மை வட்டமே கோணமாக மாறியிருந்தது.

தமிழருக்கு இதில் தனியாக ஒரு சோதனை காத்திருந்தது. யுனிகோட் பரவுவதற்கு முன்னர் இலங்கைத் தமிழரும் புலம்பெயர்ந்த தமிழரும் பெரிதும் பயன்படுத்திய எழுத்துருக்களில் ஒன்று பாமினி. அது ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியது. காற்புள்ளியின் இடத்தில் ‘இ’ இருந்தது. இடப்பக்கக் கோண அடைப்பின் இடத்தில் ‘ஈ’ இருந்தது. வலப்பக்கக் கோண அடைப்பின் இடத்தில் காற்புள்ளி இருந்தது.

இதன் விளைவை ஓரிரவு நேரில் கண்டேன். 2000களின் தொடக்கத்தில், நான் அப்போது பணியாற்றிய பத்திரிகையின் இணையப் பதிப்புக்காக, யாழ்ப்பாணத்தில் 1959 இல் தொடங்கப்பட்ட ஈழநாடு நாளிதழைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்ட நாட்களிலேயே அந்நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. அந்தக் கட்டுரையைப் பாமினியில் தட்டச்சு செய்து, ஓர் இளைஞர் எச்.டி.எம்.எல். பக்கத்தில் நேரடியாக ஒட்டினார். உலாவியில் திறந்தபோது ‘ஈழநாடு’ என்று வரவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் வெற்றிடம். பெயர் மட்டுமன்றி, அங்கிருந்து அடுத்த காற்புள்ளி வரையிலான சொற்கள் அனைத்தும் மறைந்திருந்தன.

காரணம் எளியது. ‘ஈ’ என்று நாம் தட்டியதை உலாவி கோண அடைப்பின் தொடக்கம் என்று கொண்டது. ‘இது எனக்கான கட்டளை, வாசகருக்கு அல்ல’ என்று முடிவுசெய்து, மூடும் கோணமாகிய நமது காற்புள்ளியைச் சந்திக்கும்வரை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. எரிக்கப்பட்ட ஒரு பத்திரிகையின் பெயர் திரையிலும் இல்லாமற்போனதைப் பார்த்து அன்றிரவு நாங்கள் எவரும் சிரிக்கவில்லை.

சொல்லும் குறியும் ஒரே தாளில் வாழ வேண்டுமாயின், எது சொல், எது குறி என்பது ஐயத்துக்கு இடமின்றி வேறுபட்டிருக்க வேண்டும். தமிழ் எழுத்துகளுக்குத் தமக்கே உரிய எண்களை யுனிகோட் வழங்கியதன் பின்னரே அந்த அடிப்படை நமக்கு வாய்த்தது. கணினித் தமிழின் பெரும்பேறாக யுனிகோட்டைப் பற்றிப் பேசுவோர் இந்தச் சிறு உண்மையைக் குறிப்பிடுவதில்லை.

உடுக்குறியும் வார்ப்புருவும்

2004 இல் அமெரிக்கரான ஜோன் கிரூபர், ஆரோன் சுவார்ட்ஸின் பங்களிப்புடன், மார்க்டவுன் என்னும் எழுத்துமுறையை வெளியிட்டார். மின்னஞ்சலில் மக்கள் ஏற்கெனவே கைக்கொண்டிருந்த பழக்கங்களை அவர் விதிகளாக்கினார். அழுத்தம் தரவேண்டிய சொல்லின் இரு புறமும் உடுக்குறி. தலைப்புக்கு முன் #. பட்டியலுக்குச் சிறு கோடு. இயந்திரம் அதை எச்.டி.எம்.எல். ஆக மாற்றும். மாற்றாமல் விட்டாலும் மனிதர் அதை வாசிக்கலாம். குறியிட்ட பிரதியே வாசிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே அவரது கொள்கை.

அம்முறை ஆங்கிலத்தை மனதில் வைத்து உருவாக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அதன் விதிகளைத் தெளிவுபடுத்திய காமன்மார்க் என்ற வரையறை 2014 இல் வெளிவந்தது. அவ்வரையறையின்படி, மூடும் உடுக்குறிக்கு முன்னால் மேற்கோள் குறியும் பின்னால் எழுத்தும் வந்தால் அது மூடும் குறியாகக் கொள்ளப்படாது. ஆங்கிலத்தில் இது அரிதாகவே இடையூறு தரும். தமிழிலோ வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி வரும். மேற்கோள் குறிக்குள் ‘வீரகேசரி’ என்று எழுதி, மேற்கோள் குறிகளுக்கு வெளியே உடுக்குறிகளை இட்டு, அதன்பின் ‘யில்’ என்று ஒட்டினால், எழுத்து தடிக்காது. உடுக்குறிகள் அப்படியே திரையில் நிற்கும். உடுக்குறிகளை மேற்கோள் குறிகளுக்கு உள்ளே வைப்பதே இதற்கு வழி. இதனை நான் பெறாமகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று பெருமை கொள்ளலாம். அரைநாள் திண்டாடிக் கண்டுபிடித்தவன் நான்.

மார்க்டவுன் பிறந்த அதே காலத்தில் தமிழர் வேறொரு குறிமொழியைப் பெருமளவில் பழகத் தொடங்கியிருந்தனர். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் இலங்கையரான இ. மயூரநாதன். 2005 இல் தொடங்கி, வெள்ளவத்தையிலிருந்து இயங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் மீடியாவிக்கி என்ற அதே மென்பொருளையே பயன்படுத்தியது. அதில் மூன்று மேற்கோள் குறிகள் இட்டால் தடித்த எழுத்து. இரட்டைச் சதுர அடைப்பு இட்டால் இணைப்பு. இரட்டை நெளிவடைப்பு இட்டால் வார்ப்புரு.

இந்த வார்ப்புருதான் நமது விடயத்தின் மையம். நூலகத்தில் ஒரு நூலுக்கான பக்கத்தை அமைப்பவர், நூலின் ஆசிரியர், பதிப்பகம், பதிப்பாண்டு, பக்கங்கள் ஆகியவற்றை வார்ப்புருவின் பெயருக்குக் கீழே வரிசையாக எழுதுகிறார். அட்டவணையைக் கட்டுவது வார்ப்புருவின் வேலை. எழுதுபவருக்கு அதன் உட்பொறி தெரியத் தேவையில்லை. ‘இங்கே புளொக்’ என்று நாங்கள் எழுதியதும் இதுவே. புளொக் எப்படிச் செய்யப்படுகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. எழுத்துக்கு நடுவே ஆயத்தமான ஓர் உறுப்பைப் பெயர்சொல்லி அழைக்கும் கலையைத் தமிழ் ஆர்வலர்கள் இவ்வாறு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே பயின்றுவிட்டார்கள்.

வார்ப்புருக்களுக்கு விலையும் உண்டு. ஒன்றினுள் மற்றொன்றாக அவை அடுக்கப்பட்டபோது, திருத்தத் தெரிந்தவர் சிலரே என்ற நிலை தோன்றியது. 2013 இல் விக்கிப்பீடியாக்களில் லுவா என்ற நிரல்மொழியும் சேர்க்கப்பட்டபின், எழுதுவோர் ஒருபுறமும் பொறி அமைப்போர் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்பது மேலும் தெளிவாயிற்று.

கடல்கோள் வரைபடம்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் 30,000 இற்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. அடுத்த வாரங்களில் எங்கள் பிரதேச நிருபர்கள் முல்லைத்தீவு, நாவலடி, கல்முனை, மருதமுனை என்று ஊர் ஊராக அலைந்து, முகாம்களிலிருந்து தொலைபேசியில் செய்தி சொன்னார்கள். அவற்றை எழுதிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். எந்த முகாமில் எந்த ஊரார், எவரைக் காணவில்லை, என்ன தேவை என்ற குறிப்புகள். அச்சுப் பதிப்பில் இடம் போதவில்லை. ஒரு பகுதியே வெளியாயிற்று.

மீதியை இணையப் பதிப்பில் ஒரு வரைபடமாக அமைத்தோம். கிழக்குக் கரையில் ஓர் ஊரின் மீது சுட்டியை வைத்து அழுத்தினால் அவ்வூரின் குறிப்பு விரியும். கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் உறவுகளைத் தேடியவர்கள் அதைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு அழைத்தார்கள். பத்திரிகைத் தாளால் செய்ய முடியாத ஒன்றை அந்த வரைபடம் செய்தது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

ஆனால் அது ஃபிளாஷ் என்ற தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டிருந்தது. ஊர்க் குறிப்புகள் அனைத்தும் அந்த ஒற்றைக் கோப்பின் வயிற்றுக்குள் இருந்தன. வெளியே எழுத்தாக எதுவும் இல்லை. பின்னர் இணையப் பதிப்பு புதிதாக்கப்பட்டபோது அக்கோப்பை எவரும் எடுத்துவைக்கவில்லை. எடுத்துவைத்திருந்தாலும் எளிதில் திறந்திருக்க முடியாது. 2020 டிசம்பர் 31 உடன் அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது, உலாவிகளும் அதைக் கைவிட்டன. நூலகம் எரிக்கப்பட்டதற்காக இன்றுவரை துயருறும் சமூகத்தைச் சேர்ந்தவன் நான். என் கண்முன்னே, எவரும் தீ வைக்காமலே, ஒரு சிறிய ஆவணம் இல்லாமற்போனது. அன்று தொலைபேசியில் கேட்டு எழுதிய குறிப்பேடுகளில் இரண்டு மட்டும் என்னிடம் எஞ்சியிருந்தன.

மீண்டும் ஒரே தாளில்

எழுத்தையும் ஊடாடும் உறுப்புகளையும் இணைக்கும் ஆவல் உலகெங்கும் இருந்தது. 2012 டிசம்பரில் நியூயோர்க் ரைம்ஸ் வெளியிட்ட, பனிச்சரிவு பற்றிய நெடுங்கட்டுரை பத்திரிகை உலகை ஈர்த்தது. அதே பத்திரிகை 2015 இல் ஆர்ச்சிஎம்எல் என்ற எளிய குறிமுறையை வெளியிட்டது. செய்தியாளர்கள் வழமையான ஆவணத்தில் எழுதுவதை ஊடாடும் பக்கங்களுக்குள் செலுத்த அது உதவியது.

மற்றொரு புறத்தில், 2013 இல் ஃபேஸ்புக் நிறுவனம் ரியாக்ட் என்ற நிரலகத்தைப் பொதுவில் வெளியிட்டது. இணையப் பக்கத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரிட்டு, பெயரைச் சொல்லி அழைக்கும் முறை அதனால் பரவலாயிற்று. 2018 இல் ஜோன் ஒட்டாண்டர் உள்ளிட்ட சிலர் மார்க்டவுனையும் இக்கூறுகளையும் ஒரே கோப்பில் இணைத்தனர். அதுவே எம்.டி.எக்ஸ். என் பெறாமகளின் திரையில் நான் கண்டது அதைத்தான். விளங்குவதற்காக அந்த ஒற்றை வரியைத் தமிழில் தருகிறேன்:

<வரைபடம் மாவட்டம்="மட்டக்களப்பு" />

வரிக்கு மேலும் கீழும் மார்க்டவுனில் எழுதிய பத்திகள். முழுக் கோப்பும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக மாற்றப்பட்டு உலாவிக்குப் போகிறது. அங்கே அவ்வரி இருந்த இடத்தில் தொட்டால் விரியும் வரைபடம் தோன்றுகிறது. வழமையில் கூறின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும்; சிறிய எழுத்தில் தொடங்கினால் அது சாதாரண எச்.டி.எம்.எல். குறியாகக் கொள்ளப்படும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இல்லாத மொழிக்காரர் இந்த விதியைத் தனியே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதன் வசதியை ஏற்றுக்கொள்ளும்போதே மூன்று எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, மார்க்டவுன் எதை எழுதினாலும் பொறுத்துக்கொள்ளும், எம்.டி.எக்ஸ். பொறுக்காது. முகாமில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் குறிக்க <5 என்று என் குறிப்பில் எழுதியிருந்தேன். அந்த ஓர் அடைப்பால் பக்கம் முழுவதும் உருவாகாமல் நின்றுவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் ‘ஈழநாடு’வை விழுங்கிய அதே கோண அடைப்பு! இம்முறை ஓசையின்றி விழுங்காமல், பிழை எந்த வரியில் என்று சொல்லிவிட்டு நின்றது என்பது ஒரு முன்னேற்றம். இரண்டாவது, அது வெறும் எழுத்தன்று, இயங்கும் நிரல். எனவே அறியாதவர் அனுப்பும் எம்.டி.எக்ஸ். கோப்பை அப்படியே இயக்குவது ஆபத்தானது. மூன்றாவது, கூறுகள் மூப்படையும். இன்று இயங்கும் வரைபடக் கூறு பத்து ஆண்டுகளின் பின் இயங்கும் என்று அதை உருவாக்குபவர்களே உறுதிகூறுவதில்லை.

மூன்றாவதைக் கேட்டதும் நான் பெறாமகளிடம் ஒரு நிபந்தனை விதித்தேன். எஞ்சிய இரண்டு குறிப்பேடுகளிலும் உள்ள ஊர்க் குறிப்புகள் வரைபடத்துக்குள் போகக்கூடாது. ஊருக்கு ஒரு தலைப்பாக, சாதாரணப் பத்திகளாக, கோப்பிலேயே இருக்க வேண்டும். வரைபடம் அவற்றுக்கு வழிகாட்டட்டும். அவற்றை விழுங்க வேண்டாம்.

“அப்ப வரைபடம் வேலைசெய்யாட்டி?” என்று கேட்டாள்.

அவளுக்கு அந்த நினைவுமலரின் கதையைச் சொன்னேன். என்றோ ஒருநாள் இந்த வரைபடமும் இயங்காமற்போகும். அன்று இக்கோப்பைத் திறப்பவர் நாவலடி என்ற தலைப்பையும் அதன் கீழே உள்ள குறிப்பையும் வாசிப்பார். மேலே கோண அடைப்புக்குள் ஒரு வரி நிற்கும். வரைபடம் இல்லாவிட்டாலும், அதை வைக்க நினைத்த இடம் அவருக்குத் தெரியும்.

குறிப்பேடுகளில் முதலாவதை அவள் தட்டச்சு செய்து முடித்துவிட்டாள். இரண்டாவதில் மை மங்கியிருப்பதால், நான் வாசிக்க அவள் தட்டச்சு செய்கிறாள். ஞாயிறு தோறும் காலி வீதி பேருந்தில் வெள்ளவத்தைக்குப் போய் வருகிறேன்.